பாபினும் பி.காமும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு என் சட்டையின் ஐந்தாவது பட்டன் ராஜினாமா செய்தது. நோட்டீஸ் பீரியட் எல்லாம் கிடையாது. டப்பென்று தெறித்து, ஹாலைக் குறுக்கே கடந்து, பீரோவுக்கு அடியில் போய் ரிடையர் ஆகிவிட்டது.

மற்ற பட்டன்கள் போனால் பரவாயில்லை சார். மேல் பட்டன் போனால் ஸ்டைல் என்பார்கள். கடைசி பட்டன் போனால் 'இன்' பண்ணி மறைத்துவிடலாம். இந்த ஐந்தாவது ஆசாமி இருக்கிறாரே, அவர் தொப்பைக்கு நேராக டியூட்டி பார்க்கிறவர். பணிச்சுமை அதிகம். இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே பெரிசு.

மனைவி ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "ஊசி, நூல் பிஸ்கட் டப்பாவில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். (உங்கள் வீட்டிலும் அங்கேதானே? அந்த டப்பாவுக்குள் பிஸ்கட்டைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் யாருமில்லை.) திறந்தேன். ஊசி இருந்தது. நூலும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் பி.காம். சிலபஸில் இல்லை.

"குடு, நான் வெச்சுத் தரேன்" என்று அம்மா கை நீட்டினாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நூல் நுனியை நாக்கில் நனைத்து ஊசிக் காதில் விட்டாள். போகவில்லை. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை ஊசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "வெளிச்சம் பத்தலைடா" என்றாள்.

ஸ்ரீரங்கத்து வெயில் நேராக அவள் கை மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

நான் ஒரு சேஃப்டி பின்னைக் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒண்ணாம் நம்பர் பஸ் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அது என்னை நாலு தடவை குத்தியது. அம்மாவுக்குச் சர்க்கரை. அது போன வருஷம் கண்ணுக்குப் போய்விட்டது. டாக்டர் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டு, மேற்கொண்டு மோசமாகாமல் பிடித்து வைத்திருக்கிறார். போன பார்வை போனதுதான் என்று சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த மெஷினைக் குடுத்துடுடா. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பழைய சாமான்காரன் எடைக்கு எடுத்துக்கறானாம்."

எடைக்கு!

அந்த மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கால் மிதி வைத்த உஷா. கறுப்பு உடம்பு, தங்கக் கலர் எழுத்து, தேய்ந்துபோன மரப் பலகை. தவணையில் வாங்கியது. (தவணைக்கும் தையல் மெஷினுக்கும் ஜென்மத் தொடர்பு. 1850களிலேயே அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தவணை முறையில்தான் மெஷின்களை வீடுவீடாக நுழைத்தது. நாம் இன்றைக்கு ஃபோனுக்குக் கட்டுகிற ஈ.எம்.ஐ.க்கெல்லாம் அதுதான் கொள்ளுத்தாத்தா.) அடையவளஞ்சான் தெருவில் நாங்கள் குடியிருந்த வாடகை போர்ஷனின் முன்ரூமில் அந்த மெஷின் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரெல்லாம் ஜனம் நிரம்பும்போது எங்கள் வீட்டில் ப்ளவுஸ் பிட்டுகள் நிரம்பும். தீபாவளி வந்தால் அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். அந்தச் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாக இருக்கும். என்னுடைய மூன்று வருஷ காலேஜ் பீஸ் முழுக்க ப்ளவுஸ் காசு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலேஜ் முதல் நாள் அம்மா தைத்த பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். நிஜமாகவே பிரமாதமான பேன்ட். ஒரு பையன் விடாமல் துளைத்தான்: "எந்த டெய்லர்டா?" வீட்டில் தைத்தது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "டவுன்ல ஒரு கடை" என்றேன். ஒரு வாரம் கழித்து அவன் நோட்ஸ் வாங்க வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்த டெய்லர் கடை பேரு சொல்லுடா" என்றான். "பேரு மறந்துடுச்சுடா" என்றேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் ஓடியது.

ஆகவே, மெஷின் எடைக்குப் போகக் கூடாது. அதற்கு ஒரே வழி, அதில் யாராவது தைக்க வேண்டும். "நான் கத்துக்கறேன்" என்றேன். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

முதல் பாடத்திலேயே மெஷின் என்னை ஃபெயில் ஆக்கியது. கால் மிதியை மிதித்தால் சக்கரம் முன்னால் சுற்ற வேண்டும். நான் மிதித்தால் பின்னால் சுற்றியது. நூல் அறுந்தது. மறுபடி கோத்தால் மறுபடி பின்னால். கையால் சக்கரத்தை நம் பக்கமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அந்த வேகத்தோடு காலைச் சேர்க்க வேண்டுமாம். சைக்கிளில் குரங்கு பெடல் பழகின மாதிரிதான். நூல் கோக்காமல், வெறும் காகிதத்தில் கோடு போட்டு அதன் மேல் ஓட்டிப் பழகச் சொன்னாள் அம்மா. பழைய டெலிபோன் பில், கரண்ட் பில் எல்லாம் தைத்தேன். அப்பாவின் எல்.ஐ.சி. ரசீது ஒன்றும் தவறுதலாக அதில் சேர்ந்துவிட்டது.

அடுத்தது பாபின். மெஷினில் இரண்டு நூல் சார். மேலே ஊசியில் ஒன்று, கீழே ஷட்டிலுக்குள் பாபினில் ஒன்று. மேல் நூல் கீழே போய்ப் பாபின் நூலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் அது தையல். இது புரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அட, இது நம்ம டபுள் என்ட்ரி! மேலே ஒரு பற்று விழுந்தால் கீழே ஒரு வரவு விழுந்தாக வேண்டும். 1494-ல் இத்தாலியில் லூக்கா பாச்சோலி கணக்குக்கு எழுதி வைத்ததை, 1846-ல் அமெரிக்காவில் இலியாஸ் ஹோவ் துணிக்குப் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார். கை ஊசிக்குக் காது தலையில் இருக்கும். மெஷின் ஊசிக்குக் காது மூக்கு நுனியில். அதுதான் இதில் சூட்சுமமே.

டபுள் என்ட்ரி என்றால் தப்பும் அதே மாதிரிதான். துணிக்கு அடியில் கூடு கட்டின மாதிரி நூல் சிக்கிக்கொண்டது. நான் பாபினைக் கழற்றினேன், மாட்டினேன், திட்டினேன். சமையல்கட்டிலிருந்து அம்மா, "அடியில சிக்கு விழுந்தா மேல் நூலைப் பாரு" என்றாள். மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நஷ்டம் ஒரு லெட்ஜரில் தெரியும், தப்பு வேறு லெட்ஜரில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர்கள் பீஸ் வாங்குகிறார்கள். அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொல்கிறாள். எப்படி? சத்தம். "டக்கு டக்குன்னு கேக்கணும். உனக்கு டக் டடக்குன்னு கேக்குது." பெல்ட் தளர்ந்தாலும் எண்ணெய் வற்றினாலும் அங்கிருந்தே சொல்லிவிடுகிறாள்.

தையல் மெஷினின் சரித்திரம் சுவாரஸ்யமானது. 1830-ல் தீமோனியே என்ற பிரெஞ்சு டெய்லர் ஒரு மெஷினுக்குப் பேட்டன்ட் வாங்கி, ராணுவ உடுப்பு தைக்க பாரிசில் ஒரு பட்டறையே வைத்தார். பிழைப்பு போய்விடும் என்று மற்ற டெய்லர்கள் கும்பலாகப் புகுந்து மெஷின்களை அடித்து நொறுக்கிவிட்டார்கள். இயந்திரங்களைக் கண்டாலே ஆகாத மகாத்மா காந்தி, 1924-ல் 'யங் இந்தியா'வில் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் கண்டுபிடித்த இயந்திரம் என்று அவர் காரணம் சொன்னார். காந்தியின் நல்ல மனசு அது. ஐசக் சிங்கருக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், இருபதுக்கும் மேல் குழந்தைகள். எந்த வீட்டம்மாவின் கஷ்டத்தைப் பார்த்தார் என்பது தெளிவாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சிலர் ரூமில் இருக்கிறவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டன். நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சுப் போடுங்கள். பட்டனைத் துணியோடு ஒட்ட வைத்துத் தைக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். பட்டன் மேல் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்து, அதற்கு மேலாகவே நாலைந்து தடவை தைத்து, பிறகு குச்சியை உருவிவிடுங்கள். கிடைத்த தளர்வில் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடியுங்கள். காஜாவின் கனத்துக்கு இடம் வேண்டாமா? என் ஐந்தாவது ஆசாமி இப்படித்தான் மீண்டும் வேலையில் சேர்ந்தார். இன்றுவரை லீவு போடவில்லை.

அடுத்தது மஞ்சப்பை. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் பட்டிக்காடு என்று சிரித்தோம். 2019 ஜனவரி 1-ம் தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தருகிற மெஷினே வைத்தார்கள். (வியாபாரத்தில் மஞ்சள் கடுதாசிக்குத்தான் இன்னும் மரியாதை வரவில்லை.)

கணக்கு எளிது. பை 14 இன்ச் அகலம், 16 இன்ச் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை இன்ச். ஆக 15. உயரம் 16-ம் 16-ம் 32, வாயை மடிக்க இரண்டு பக்கமும் 2 இன்ச். ஆக 36. ஒரு கெஜம்! அடியை வெட்டக் கூடாது. துணி அங்கே மடிந்து நின்றால் தையலே வேண்டாம், பிய்ந்தும் போகாது. கைப்பிடிக்கு 4 இன்ச் அகலம், 22 இன்ச் நீளத்தில் இரண்டு பட்டை. அதை நாலாக மடித்தால் ஒரு இன்ச் வார். முதலில் வாயை மடியுங்கள். துணி ஓரத்திலிருந்து 4 இன்ச் தள்ளி வாரின் நுனியை மடிப்புக்குள் செருகி, சதுரமாகத் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறி போடுங்கள். கனம் தாங்குவது அந்தப் பெருக்கல் குறிதான். கடைசியில் பக்கங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி கால் இன்ச்சில் ஒரு தையல். பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, பையை உள்வெளியாகத் திருப்பி மறுபடி கால் இன்ச்சில் ஒரு தையல். பிசிறு அத்தனையும் உள்ளே சிறைப்பட்டுவிடும். மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். ஊசியை ஓர் எட்டு முன்னே விட்டு, அரை எட்டுப் பின்னே வந்து குத்திக்கொண்டே போனால் கெட்டியாக நிற்கும்.

என் முதல் பையை அப்பாவின் நாலு முழ வேட்டியில் தைத்தேன். பழசு என்று நினைத்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை என்பது கத்தரி வைத்த பிறகுதான் தெரிந்தது. போகட்டும். பெருமையாகக் காந்தி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு கிலோ சின்ன வெங்காயமும் ஒரு பூசணிக்காயும் வாங்கினேன். தையல் விடவில்லை சார், அதில் எனக்குப் பெருமைதான். துணி நடுவே கிழிந்தது. சின்ன வெங்காயம் எத்தனை திசையில் ஓடும் என்பதை அன்று கண்டேன். ஒரு லோடுமேன் என்னோடு குனிந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "வீட்ல தெச்சதா சார்?" என்றார். "ஆமா, நான்தான் தெச்சேன்" என்றேன். இந்த தடவை அப்படியே சொல்லிவிட்டேன்.

அம்மா கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். "துணி செத்துப்போச்சுடா. வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்க்கணும். சரக்குன்னு சத்தம் வந்தா அது எதுக்கும் ஆகாது." பைக்குப் பழைய பெட்ஷீட், ஸ்கிரீன் துணி, ஜீன்ஸ் கால். வேட்டிக்கு வேறு உத்தியோகம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி 'பெரிப்ளூஸ்' எழுதிய கிரேக்க மாலுமி, அர்கரு என்ற ஊரிலிருந்து மெல்லிய மஸ்லின் ஏற்றுமதி ஆனதாக எழுதியிருக்கிறான். அது நம்ம உறையூர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. ரோமாபுரிக்குத் துணி அனுப்பின ஊர்க்காரன், அப்பா வேட்டியை இழுத்துப் பார்க்காமல் வெட்டியிருக்கிறேன்.

கைலி ட்ரவுசர். வீட்டில் போட்டுக்கொள்ள இதைவிடச் சுகமான உடுப்பு கிடையாது. துலுக்க நாச்சியாருக்காகப் பெருமாளே கைலி சாத்திக்கொள்கிற ஊர் இது, நமக்கென்ன? அளவு எடுக்கத் தெரியாதே என்று பயப்படாதீர்கள். பழைய ட்ரவுசர் ஒன்றைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு துண்டையும் தினசரிப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டினால் அதுதான் பேட்டர்ன். எலாஸ்டிக் போட இடுப்பில் ஒன்றரை இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: முன் துண்டும் பின் துண்டும் ஒன்றல்ல. பின்பக்க வளைவு பெரிசு, உயரமும் அதிகம். உட்காருகிறபோது துணி வேண்டியது அங்கேதான். நான் சிக்கனமாக நாலு துண்டும் ஒரே அளவில் வெட்டி, அதைப் போட்டுக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குக் காலையில் நடக்கப் போனேன். நிற்கிறவரை அழகாக இருந்தது. படியில் உட்கார்ந்தேன். அதற்குமேல் விவரிப்பதற்கில்லை. கூட்டம் கலைகிறவரை உட்கார்ந்தே காவிரியை ரசித்தேன்.

பேட்டர்ன் பேப்பர் வைக்க மெஷின் டிராயரைத் திறந்தபோதுதான் அந்த நோட்டுக் கிடைத்தது. நீளமான அட்டை போட்ட நோட்டு. உத்தர வீதி மாமிகள், சித்திரை வீதி டீச்சர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தோள், மார்பு, கை, கூலி, பாக்கி. பாக்கி நிறைய இருந்தது. நடுவே ஒரு பக்கத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தது. ஆறாம் கிளாசிலிருந்து காலேஜ் வரை, வருஷத்துக்கு ஒரு வரி. இடுப்பு 24, நீளம் 33 + 3. அடுத்த வருஷம் 25, 35 + 3. அது என்ன பிளஸ் மூன்று என்று யோசித்தேன். கால் நுனியில் உள்ளே மடித்துவிட்டது. வளர வளரப் பிரித்துவிட. ஒவ்வொரு வருஷமும் நான் இன்னும் மூன்று இன்ச் வளர்வேன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். கூலி காலத்தில் ஒன்றும் எழுதவில்லை. பி.காம்.மில் இதற்கு வராக்கடன் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரியே தலையணை உறைக்கு உட்கார்ந்தேன். அம்மாவுக்காக. வேட்டியின் உத்தியோகம் இதுதான். எத்தனை துவைத்ததோ அத்தனை மெத்து. இந்த தடவை அப்பாவைக் கேட்டுவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, வெட்டினேன். தலையணை 17-க்கு 27. அகலம் 18. நீளம் 27-ம் 27-ம் 54, உள்ளே செருகும் மடல் 6, இரண்டு நுனியும் மடிக்க 2, ஆக 62. நுனிகளை முதலில் தைத்துவிட்டு, நல்ல பக்கம் உள்ளே போகும்படி 27-ல் மடித்து, மிச்சம் நிற்கிற 6 இன்ச்சை மேலே கவிழ்த்து, இரண்டு பக்கமும் நேர்கோட்டில் ஓட்டித் திருப்பினால் உறை ரெடி. பட்டன் வேண்டாம், ஜிப் வேண்டாம், முடிச்சு நாடாவும் வேண்டாம். டக்கு டக்கு என்றே ஓடியது. சமையல்கட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா லைட்டுக்குப் பக்கம் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே கட்டை விரலைத் தையல் மேல் வைத்து, மெதுவாக ஒரு முனையிலிருந்து ஓட்டினாள். முக்கால்வாசி தூரம் போனதும் விரல் நின்றது.

"இங்க வளையுது."

"தலைக்கு அடியில போறதும்மா. யாரு பார்க்கப் போறா?"

"பிரிச்சுத் தை" என்று என் மடியில் போட்டாள். பிறகு ரொம்ப சாவகாசமாக, "இல்லேன்னா உனக்குப் பேன்ட் தெச்சாங்களே, டவுன்ல ஒரு கடை, அங்க குடுத்துப் பாரேன். பேரு இப்பவாவது ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.

இருபது வருஷமாகிறது சார்.

நான் பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "எவ்வளவு பிரிக்கணும்மா?"

"முழுசும்" என்றாள் அம்மா.